எம்.கியூ-3 சென்சாரும் ஐப்பசி மழையும்

அக்டோபர் 19, கும்பகோணம்

சர்க்யூட் போர்டு கழுவி அழுக்கான ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைக் கொட்ட மனசு வரவில்லை, பாலிடெக்னிக் ஆய்வகத்திலேயே காய்ச்சி வடிக்கிறோம். வடிவதில் ஆல்கஹால் எத்தனை சதவீதம், தண்ணீர் எத்தனை என்பதைத் தெர்மாமீட்டர் சொல்லாது. சுத்தமான ஐசோப்ரொப்பைல் கொதிப்பது 82.5 டிகிரியில், எடையில் ஏறக்குறைய 88 சதவீதத்தில் தண்ணீரோடு கொதிநிலை மாறாக் கலவையாகிக் கொதிப்பது 80.4 டிகிரியில். இந்த ரெண்டு டிகிரியை நம்பி என்ன முடிவெடுப்பது? ஆல்கஹால் ஆவியை உணரும், மலிவாகக் கிடைக்கும் எம்.கியூ-3 சென்சாரை வைத்துப் பார்க்கிறோம்.

அக்டோபர் 21

"கண்டன்சர் வாயிலேயே மாட்டிடலாமா சார்?" என்று ஒரு மாணவர் கேட்டார், ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் குழாயைக் காட்டி. கூடவே கூடாது. உள்ளே இருப்பது சூடாக்கிய வெள்ளீய ஆக்சைடு. காற்றின் ஆக்சிஜன் அதன் மேல் ஒட்டி எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்திருக்கும்வரை மின்தடை அதிகம், ஆல்கஹால் ஆவி வந்து அந்த ஆக்சிஜனோடு வினைபுரிந்தால் தடை இறங்கும். காற்றே இல்லாமல் வெறும் ஆவியைக் காட்டினால் அது சொல்லும் எண்ணுக்கு அர்த்தமில்லை, தீப்பற்றும் ஆபத்து வேறு.

அக்டோபர் 24

காலையிலிருந்து அடைமழை. ஈரப்பதம் ஏறினாலே சென்சாரின் தடை இறங்கிவிடுகிறது, வெயில் நாளில் போட்ட வரைபடம் இன்றைக்கு உதவாது. டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை முழுக்க இப்படித்தான் இருக்கும்.

அக்டோபர் 28

வடிந்ததை அப்படியே பாட்டிலில் ஊற்றி மேலே நிற்கும் ஆவியை அளந்தால் 40 சதவீதமும் 80 சதவீதமும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரிகின்றன. காரணம், தண்ணீரோடு சேர்ந்த ஐசோப்ரொப்பைல் கொஞ்சமாக இருக்கும்போதே ஆவியில் நிறைய ஏறிவிடும், அதற்கப்புறம் கோடு படுத்துவிடும். அதோடு இந்தச் சென்சாரின் எல்லையே லிட்டர் காற்றுக்கு 10 மில்லிகிராம் வரைதான், நாம் காட்டுவதோ அதைவிடப் பல மடங்கு.

அதனால் இப்போது 1 மில்லியை எடுத்துத் தண்ணீர் விட்டு 100 மில்லியாக்கி, மூடி, 30 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் வைத்து அளக்கிறோம். இவ்வளவு நீர்த்த கரைசலில் ஆவி செறிவுக்கு நேர் விகிதத்தில் ஏறுகிறது. எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று: மூடிய பாட்டிலுக்குள் காற்று எப்படியும் ஈரத்தால் நிறைந்துதான் இருக்கும், ஆகவே வெளியே கொட்டும் மழையின் பாச்சா அங்கே பலிக்காது! வெறும் தண்ணீர் பாட்டிலில் வரும் தடையால் வகுத்து, தெரிந்த சதவீதங்களில் கலந்து இதேபோல் நீர்த்து வைத்தவற்றோடு ஒப்பிடுகிறோம்.

நவம்பர் 2

லாக்-லாக் தாளில் (இரண்டு அச்சும் மடக்கை அளவில் உள்ள வரைபடத்தாள்) புள்ளிகள் நேர்கோட்டில் விழுகின்றன, வெயிலிலும் மழையிலும். வடிப்பின் கடைசியில் தண்ணீர் தலைதூக்குவது நன்றாகத் தெரிகிறது, அங்கே பாத்திரத்தை மாற்றிவிடலாம். செய்து பார்ப்பவர்கள் சிலிக்கோன் குழாயையும் சிலிக்கோன் பசையையும் சென்சார் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அந்த ஆவி ஆக்சைடின் மேல் படிந்தால் சென்சார் மீளாது. நாங்கள் டெஃப்லான் குழாய் போட்டிருக்கிறோம்.