கேட்காமலே தீர்ப்பா?

நம் ஹெவி மெட்டல் இசை ரசிகர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. புது பேண்டின் பெயரைச் சொன்னால் பலர் முதலில் லோகோவைத்தான் பார்க்கிறார்கள். முட்புதர் மாதிரி எழுத்தே புரியாமல் இருந்தால் சரி. படிக்க முடிந்தால் "இது மெட்டலே இல்லை" என்று முடித்துவிடுகிறார்கள். அப்புறம் முடி, சட்டை, ஆல்பம் அட்டையின் நிறம். பாட்டு மட்டும் கணக்கிலேயே வருவதில்லை.

2013-இல் டெஃப்ஹெவன் என்ற அமெரிக்க மெட்டல் பேண்ட் வெளியிட்ட 'சன்பேதர்' ஆல்பத்தின் அட்டை இளஞ்சிவப்பு. அதற்கே எத்தனை வசவு! போட்டுக் கேட்டால் முதல் பாட்டே ஒன்பது நிமிடத்துக்கு மேல். கித்தார் அலையலையாக ஏறும், டிரம்ஸ் பிளாஸ்ட் பீட்டில், அதாவது மின்னல் வேக அடியில், வெளுத்து வாங்கும், அதற்கு மேல் பாடகர் ஜார்ஜ் கிளார்க்கின் அலறல். நடுவில் எல்லாம் அடங்கி கித்தார் மட்டும் மெதுவாக ஒலிக்கும். அந்த இடத்தில் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும்.

பேபிமெட்டல் என்ற ஜப்பானிய பேண்டுக்கும் இதே கதிதான். மூன்று பெண்கள், நடனம் என்றதும் ஒதுக்கிவிட்டார்கள். பின்னால் வாசிப்பவர்களின் வேகத்தைப் பலர் கவனிக்கவே இல்லை. பழம்பெரும் மெட்டல் பேண்டான ஜூடாஸ் பிரீஸ்டின் பாடகர் ராப் ஹால்ஃபோர்டே 2016-இல் அவர்களோடு மேடையேறிப் பாடினார். அவருக்கு இல்லாத தயக்கம் நமக்கு எதற்கு?

பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் ஒரு பாட்டையாவது முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். ஹெட்ஃபோனில், நல்ல சத்தமாக.

சரி, கேட்காமலே எல்லோரும் ஒதுக்கிய, உங்களுக்கு உயிரான பேண்ட் எது? கீழே எழுதுங்கள், இன்று இரவே கேட்கிறேன்.