ஹாட் டப் தண்ணீர்: ஆல்கலினிட்டியை 120-லிருந்து 60-க்கு இறக்கியபோது

2020 ஜனவரியில் சிங்கப்பூரின் செம்பவாங் வெந்நீரூற்றுப் பூங்காவைப் புதுப்பித்துத் திறந்ததிலிருந்து அப்பா அங்கே போய்க் கால்களை ஊறவைப்பது வழக்கம். முட்டிவலி கூடி, போய்வருவதே சிரமமானதும், வீட்டிலேயே ஒரு ஹாட் டப் (வெந்நீர்த் தொட்டி) வைத்துவிட்டோம். காற்றடைத்து நிமிர்த்தும் வகை, 800 லிட்டர் பிடிக்கும். எங்களுடையது தரைவீடு என்பதால் பின்பக்கம் கூரைக்கடியில் வைக்க முடிந்தது. அடுக்குமாடி பால்கனியில் வைக்க நினைப்பவர்கள் முதலில் எடையை யோசியுங்கள்; தண்ணீர் மட்டுமே 800 கிலோ.

சூடு 38 டிகிரி. அதில் பிரச்சினையே இல்லை. தண்ணீரின் அமில-கார அளவான பிஎச்தான் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது.

நம் பொதுப் பயனீட்டுக் கழகத் தண்ணீர் மென்மையானது. குழாயிலிருந்து பிடித்துச் சோதனைப் பெட்டியின் சொட்டு மருந்தால் பார்த்தபோது எனக்கு ஆல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்கிப் பிஎச்சைப் பிடித்துவைக்கும் காரப்பொருளின் அளவு) 30 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 30 பங்கு) வந்தது. நீச்சல் குளத்துக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு 80 முதல் 120 வரை. பிஎச் 7.2-க்கும் 7.8-க்கும் நடுவே இருக்க வேண்டும். முதலில் மேல் எல்லையிலேயே ஓட்டிப் பார்ப்போம் என்று 120 வரை ஏற்றினேன். இதற்குத் தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை, முஸ்தபா கடையில் கிடைக்கும் ஆப்ப சோடாவே போதும். 1000 லிட்டரில் 10 பிபிஎம் ஏற்ற சுமார் 17 கிராம். அந்தக் கணக்கில் எங்கள் தொட்டிக்கு 120 கிராம் சொச்சம் போனது. சலவைச் சோடாவை இதற்குப் போடாதீர்கள், அது பிஎச்சைத்தான் சட்டென்று தூக்கும்.

120-இல் ஆல்கலினிட்டி அசையாமல் நின்றது. ஆனால் அப்பா குமிழிகளைப் போட்டு உட்கார்ந்து எழுந்தாலே பிஎச் 7.8-ஐத் தாண்டிவிடும். "இன்னிக்குத் தண்ணி கண்ணுல எரியுதுப்பா" என்பார். அமிலம் போட்டு இறக்கினால் மறுபடி ஏறும்.

காரணம் கரியமில வாயு. ஆப்ப சோடா கரைந்த தண்ணீரில் பைகார்பனேட்டோடு கொஞ்சம் கரியமில வாயுவும் கரைந்திருக்கும். பிஎச்சைக் கீழே பிடித்து வைப்பது அந்த வாயுதான். சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்தால் வாயு பொங்கி வெளியேறுகிறதல்லவா, அதையேதான் குமிழி மோட்டார் ஒவ்வொரு மாலையும் செய்கிறது. தண்ணீர் சூடாக இருப்பதால் வாயு இன்னும் சுலபமாகக் கிளம்பிவிடும். வாயு போகப் போக பிஎச் ஏறும், ஆல்கலினிட்டியோ குறையவே குறையாது. ஆல்கலினிட்டி எவ்வளவு அதிகமோ, வெளியேறக் காத்திருக்கும் வாயுவும் அவ்வளவு அதிகம். அதாவது பிஎச்சை நிலையாக வைக்கும் என்று நம்பிப் போடும் பொருளே, ஹாட் டப்பில் அதை மேலே தள்ளுகிறது. நீச்சல் குளத்துக்கு எழுதிய அளவை அப்படியே எடுத்து வெந்நீர்த் தொட்டிக்குப் பொருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, இறக்கிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். தூள் அமிலம், அதாவது சோடியம் பைசல்பேட், 1000 லிட்டரில் 10 பிபிஎம் இறக்க 24 கிராம். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டினால் பிஎச் பாதாளத்துக்குப் போய் ஹீட்டரின் உலோகத்தை அரிக்கும். அதனால் ஒரு தடவைக்கு 40 கிராம் மட்டும். வாளித் தண்ணீரில் தூளைப் போட்டுக் கரைத்து (தூளின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது), வடிகட்டி பம்பு ஓடும்போது மெதுவாகச் சேர்த்தேன். பிஎச் 7-ஐ ஒட்டி வந்தது, ஆல்கலினிட்டி 20 இறங்கியது. பிறகு மூடியைத் திறந்து குமிழிகளை ஓடவிட்டால், வாயு வெளியேறி பிஎச் மட்டும் தானாக மேலே வரும். மறுபடி அமிலம், மறுபடி குமிழி. இப்படி 60 வரை கொண்டுவந்தேன். அமிலத்தையும் குளோரினையும் ஒரே வாளியில் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். வாளியைக்கூட நான் தனித்தனியாக வைத்திருக்கிறேன்.

60-க்கு வந்தபின் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. அப்பா தினமும் இறங்கினாலும் பிஎச் 7.4-க்கும் 7.6-க்கும் நடுவிலேயே நிற்கிறது. கிருமி நீக்க நான் போடும் டைகுளோர் என்ற குளோரின் வகை லேசான அமிலத்தன்மை உள்ளது, அதுவும் ஏற்றத்தைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது. அதே காரணத்தால் ஆல்கலினிட்டியும் மெல்ல மெல்லத் தேயும். 50-ஐ நெருங்கினால் ஒரு கரண்டி ஆப்ப சோடா. டிரைகுளோர் என்ற இன்னொரு குளோரின் வகை மாத்திரையைப் போடுபவர்களுக்கு இவ்வளவு தாழ்ந்த அளவை நான் சொல்ல மாட்டேன். அதன் அமிலம் கடுமையானது, தாங்கிப்பிடிக்க ஆல்கலினிட்டி இல்லாவிட்டால் பிஎச் சரிந்துவிடும்.

சோதிக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் காகிதப் பட்டைகளின் நிறத்தை நம்ப முடிவதில்லை, நான் சொட்டு மருந்துதான் பயன்படுத்துகிறேன். ஆல்கலினிட்டிக்கு, பச்சை நிறம் சிவப்பாக மாறும்வரை சொட்டுகளை எண்ணினால், என் பெட்டியில் ஒரு சொட்டுக்கு 10 பிபிஎம். குளோரின் போட்ட கையோடு பிஎச் பார்க்காதீர்கள், நிறம் ஊதாவுக்குப் போய்த் தவறாகக் காட்டும். டைகுளோரோடு சேரும் சயனூரிக் அமிலமும் ஆல்கலினிட்டி கணக்கில் நுழைந்துவிடும்; அதன் அளவில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ள வேண்டும். அது 30 இருந்தால் 70 என்று வரும் எண் உண்மையில் 60.

அப்புறம் மூடி. மழைத்தண்ணீரில் ஆல்கலினிட்டி கிட்டத்தட்டக் கிடையாது, சாரல் சேர்ந்தால் எண்கள் நழுவும். டெங்கிக் கொசு வேறு. அதனால் பயன்படுத்தாத நேரத்தில் மூடி இறுக்கமாகப் போட்டிருக்கும்.

தண்ணீர் மாற்றும் நேரம் நெருங்குகிறது. இந்த முறை 30-லிருந்து நேரே 60-க்குத்தான் போகப்போகிறேன். 40 கிராம் ஆப்ப சோடா போதும்.