நூலகத்துக்கு வந்த புது அலமாரி

சேலத்தில் எங்கள் சமுதாயக் கல்லூரி நூலகத்துக்கு ஒரு அலமாரி நிறையப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. இரண்டு நாளாக, எந்தப் பொருள் பற்றிய நூல் என்று காட்டும் டூயி வகைப்பாட்டு எண்ணை எழுதி ஒட்டுவதுதான் வேலை. தமிழ் இலக்கியத்துக்கு 894.811, காபிக்கு 633.73. கையெல்லாம் பசை. தையல், வயரிங், முதியோர் பராமரிப்பு என்று பாடத்துக்கானவை ஒரு பக்கம்.

என் மனம் நின்றது காபிப் புத்தகத்தில்தான். ஏற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி வரும் ஒரு மாணவி, தண்டுத் துளைப்பான் வண்டின் படத்தின் மேல் விரலை வைத்து, "இதுதான் மேடம், எங்க தோட்டத்துல அரபிக்காச் செடியெல்லாம் காய வெச்சது" என்றாள். அம்மாவிடம் காட்ட வேண்டுமாம். ஒட்டிய பசை காயும் முன்பே அவள் பெயரில் பதிந்து கொடுத்துவிட்டேன்.

அப்புறம், இனி சனிக்கிழமை மதியம் வாசிப்பு வட்டம். செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைகளில் வேலை பார்க்கும் பெண்களும் வரலாம். குழந்தைகளையும் கூட்டி வாருங்கள், பாய் விரித்து வைக்கிறோம்.

ஆகஸ்ட் 12 இந்திய நூலக அறிவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்தநாள், தேசிய நூலகர் தினம். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவதான 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்' என்பதைப் பெரிதாக எழுதி வாசலில் ஒட்டப் போகிறோம். கையெழுத்து அழகாக இருப்பவர்கள் சொல்லுங்கள், சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் நான் வாங்கி வைக்கிறேன்.