ஜீப்புக்குப் பின்னால் ஓர் இழுப்பறை

மண்டபத்தில் ஒரு பட்டறை. ஜீப்பின் பின்பக்கம் செய்த இழுப்பறையை இரண்டு பேர் இழுத்தும் வரவில்லை.

மரத்தில் குறையில்லை, 18 மி.மீ. மெரைன் பிளைவுட். மாட்டிக்கொண்டது இழுப்பறை ஓடும் பால்பேரிங் சேனல். தனுஷ்கோடி மணல் கிரீஸில் கலந்தால் அது உப்புத்தாள்தான். உப்புக்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

இந்தக் கரைக்குச் சேனலே வேண்டாம். அடியில் வழுக்கி ஓட இரண்டு எச்டிபிஇ பிளாஸ்டிக் பட்டை, பக்கத்துக்கு 3 மி.மீ. இடைவெளி, போதும். நைலான் பட்டை வேண்டாம், ஈரம் குடித்து உப்பிவிடும்.

பிளைவுட்டின் அறுத்த விளிம்புக்கு எபாக்ஸி பிசின் இரண்டு கோட். தண்ணீர் நுழைவதே அங்கேதான். போல்ட் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வழக்கமான 304 ரகம் இங்கே புள்ளி புள்ளியாகத் துரு காட்டும்.

ஜீப்பின் தரைத் தகட்டில் வெறும் ஸ்க்ரூ அடிக்காதீர்கள், குலுக்கலில் பிய்ந்துவிடும். பின்சீட்டைக் கழற்றிய போல்ட் துளைகளிலேயே பெட்டியை மாட்டுங்கள்.

கனமான சாமான் கீழே, பின் அச்சுக்கு முன்னால். கதவோரம் பாய், கயிறு மட்டும்.