எக்ஸ்ரேயில் தெரியாத முறிவு

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கும் நம் உறவுகள் அனைவரும் இதைப் படிக்க வேண்டும். கை ஊன்றி விழுந்தபின் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலித்துக்கொண்டே இருந்தால், சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துவிட்டு இருந்துவிடாதீர்கள். கிரிக்கெட் ஆடும்போது விழுந்த என் தம்பிக்கு எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் ஸ்கேஃபாய்டு எலும்பு முறிந்திருப்பது தெரிந்தது.

மணிக்கட்டின் 8 சிறு எலும்புகளில் அதிகம் முறிவது இதுதான். புதிய முறிவு முதல் எக்ஸ்ரேயில் தப்பிவிடலாம், எம்.ஆர்.ஐ.யோ மஜ்ஜையில் கோத்திருக்கும் நீரைக் காட்டிக்கொடுத்துவிடும். அவசரம் ஏன் என்றால், இந்த எலும்புக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையில் நுழைந்து பின்னோக்கிப் பாய்கிறது. நடுவில் முறிந்தால் முழங்கைப் பக்கத்துத் துண்டு இரத்தமின்றிச் செத்துப்போகக்கூடும். நினைத்தாலே பதறுகிறது.

சுண்டுவிரல் பக்கம் வலித்தால் அங்குள்ள முக்கோணக் குருத்தெலும்பு கிழிந்திருக்கலாம். அந்தக் கிழிசலும் எக்ஸ்ரேயில் விழாது.

எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை, காந்தம்தான். இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி உடலில் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராத அத்தைமார் அன்று மட்டும் வெறும் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளலாம்.

அரசு மருத்துவமனையில் ஸ்கேனுக்குக் காத்திருக்க நேர்ந்தால், அதுவரை கை அசையாதபடி கட்டுப் போடச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு வாரத்தில் மறுபடி எக்ஸ்ரே எடுக்கவும் கேளுங்கள். கேட்கத் தயங்காதீர்கள்.