கையால் எழுதிய சுவரொட்டி

என் அக்காள் மகள் வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்றாண்டுச் சட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஆகஸ்டு விடுமுறைக்குக் காட்பாடிக்கு வந்தவள், மாணவர் பேரவையில் உறுப்பினர் இடத்துக்கு நிற்கப்போவதாகச் சொன்னதும், எவ்வளவு செலவாகும் என்றுதான் அக்காள் முதலில் கேட்டாள். "அஞ்சாயிரத்துக்கு மேல போகக் கூடாதும்மா, ரூல்" என்றாள் மகள். உள்ளாட்சித் தேர்தலில் ஒரு வார்டுக்கு எவ்வளவு இறங்குகிறது என்பதை எதிர்வீட்டிலேயே பார்த்திருக்கும் அக்காள் அதை நம்பவில்லை.

அந்த விதி நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழு மாணவர் தேர்தல்கள் குறித்து 2006 மே மாதம் அளித்த பரிந்துரைகளை, கேரளப் பல்கலைக்கழக வழக்கில் அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. வேலூர் சத்துவாச்சாரி நீதிமன்றத்தில் பல ஆண்டுகளாக வழக்காடிவரும் நான் அந்த அறிக்கையை வரிவரியாகப் படித்தது இவளால்தான். நான் படித்த கல்லூரியில் என் காலத்தில் தேர்தலே நடக்கவில்லை. ஆகவே அதற்கான தேவையும் எனக்கு வரவில்லை.

வயதில்தான் முதல் சிக்கல். இளநிலை மாணவர்கள் 17 முதல் 22 வயதுக்குள் இருக்க வேண்டும், முதுநிலை மாணவர்களுக்கு 24 அல்லது 25 வரை போகலாம் என்கிறது அறிக்கை. நான்கைந்து ஆண்டு நீளும் தொழிற்படிப்புகளுக்கு இளநிலை வரம்பைத் தளர்த்தலாம் என்றும் ஒரு வரி இருக்கிறது. ஒரு பட்டம் வாங்கிய பிறகு படிக்கும் மூன்றாண்டுச் சட்டப்படிப்பு இதில் எந்தப் பக்கம் சேரும்? பெயரளவில் அது இளநிலைப் பட்டம். இவளுக்கோ 23 வயது. பட்டம் பெற்ற பின் சேர்கிற படிப்பு என்பதால் முதுநிலை வரம்பே பொருந்த வேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கு ஒரு மனு எழுதி எனக்கு அனுப்பினாள். நான் திருத்தியது ஒரு காற்புள்ளியை மட்டுமே. அவளுடைய வேட்புமனு ஏற்கப்பட்டது.

ஆனால் அந்த இடத்துக்கு முதலில் நிற்கவிருந்தவள் அவள் அல்ல, அவளுடைய தோழி. கட்டண உயர்வை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்ததற்காகத் தோழியின் மேல் ஒரு வழக்கு விசாரணையில் இருந்தது. குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் மட்டுமல்லாமல், விசாரிக்கப்பட்டவரும் நிற்கக் கூடாது என்கிறது லிங்டோ அறிக்கை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8ஆவது பிரிவோ தண்டனை விதிக்கப்பட்ட பிறகுதான் தகுதியைப் பறிக்கிறது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் சட்டமன்றத்துக்குப் போட்டியிடலாம்; வகுப்புத் தோழர்களிடம் ஓட்டுக் கேட்கக் கூடாது! குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவரை நிரபராதியாகவே கொள்ள வேண்டும் என்று முதலாண்டில் பாடம் கேட்கும் மாணவர்களுக்கே இப்படியொரு விதி இருப்பது எனக்கு இன்றுவரை உறுத்துகிறது. குழு நல்ல நோக்கத்தோடு எழுதியிருக்கலாம். ஆனால் போராடுகிற மாணவரையும் அடியாளையும் அந்த ஒரு வரி ஒரே தட்டில் வைத்துவிடுகிறது.

அச்சிட்ட சுவரொட்டிக்குத் தடை, ஒலிபெருக்கிக்குத் தடை, வாகனத்துக்கும் தடை. கையால் எழுதியதை மட்டும், குறித்த இடங்களில் ஒட்டலாம். அக்காளும் அவளும் லாங்கு பஜாரில் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கிவந்து கூடத்தில் பரப்பிக்கொண்டார்கள். மின்விசிறியில் தாள்கள் பறக்காமலிருக்க ஒரு மூலைக்கு அம்மிக்குழவி, மற்ற மூலைகளுக்கு என்னுடைய சட்டப் புத்தகங்கள். இருபத்திரண்டு தாள்கள் முடிவதற்குள் சிவப்பு மை தீர்ந்துபோனது. கடைசி மூன்றில் அவள் பெயர் பச்சையில் இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக மாணவர் தேர்தலில் அச்சிட்ட சுவரொட்டிகளையே தாராளமாக ஒட்டி, பிடிபட்டால் தனதல்ல என்று சொல்வதற்காக வேட்பாளர் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிப் போடும் வழக்கம் உண்டு. 2024இல் அங்கே சுவர்களைச் சுத்தம் செய்யும்வரை வாக்குகளை எண்ணக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடுத்துவைத்ததால், செப்டம்பர் மாத வாக்குப்பதிவின் முடிவு நவம்பரில்தான் வெளிவந்தது.

அவள் பதினோரு ஓட்டில் தோற்றாள். தோற்ற அன்று இரவு பேசியபோது அழுகையைக் காட்டாமலிருக்க, செலவுக் கணக்கைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். முடிவு அறிவித்த இரண்டு வாரத்துக்குள் தணிக்கை செய்த கணக்கை ஒப்படைக்க வேண்டுமாம். மொத்தம் 1,140 ரூபாய். லாங்கு பஜார் ரசீதை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னாள். அக்காள் அதை மளிகைச் சீட்டுகளுக்கு நடுவிலிருந்து தேடி எடுத்தாள்.

"தலைவர், செயலாளர் பதவின்னா ஒரு தடவைதான் நிக்கலாம் மாமா. உறுப்பினருக்கு ரெண்டு தடவை" என்றாள் போனை வைக்கும் முன். தீராத ஸ்கெட்ச் பேனாக்களை ரப்பர் பேண்ட் போட்டு அக்காள் அலமாரியில் வைத்திருக்கிறாள்.