மான்செஸ்டரில் கொன்றது புகை

1985 ஆகஸ்ட் 22. மான்செஸ்டர் விமான நிலையத்தில் அந்த போயிங் 737 தரையை விட்டு எழும்பவே இல்லை. ஓடுபாதையிலேயே இடது என்ஜினின் எரியறை வெடித்து, இறக்கையிலிருந்த எரிபொருள் தொட்டியைத் துளைத்தது. 55 பேர் மாண்டார்கள். பெரும்பாலானோரைக் கொன்றது நெருப்பு அன்று, புகை. நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது.

கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இருக்கை நுரையும் பிளாஸ்டிக்கும் எரிந்து பிறக்கும் ஹைட்ரஜன் சயனைடோ, வந்துசேரும் கொஞ்சம் ஆக்சிஜனையும் செல்கள் பயன்படுத்த விடாது. கதவு சில அடி தூரத்தில் இருக்கும், கால்கள் கேட்காது.

ஒருவரின் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு மிகுந்திருந்தால், தீ எழுந்தபின்னும் அவர் உயிரோடு மூச்சை இழுத்திருக்கிறார் என்று தடயவியல் மருத்துவர் அறிந்துகொள்கிறார். மான்செஸ்டரில் இறந்தவர்களின் ரத்த ஆய்வறிக்கையில் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் கதவைத் தேடிய ஒருவர் இருந்தார்.